படத்தில் இல்லாத இரண்டு கட்டங்கள்: டின்டின் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டின்டின் வாசகர்களுக்கு,

வணக்கம். பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜேயின் காமிக்ஸ் புத்தகங்களை வைத்து 2011-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த டின்டின் படத்தை இன்னும் மன்னிக்காதவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். 'இருக்கிறோம்' என்றுதான் எழுதுகிறேன். அந்தக் கூட்டத்தில் நானும் முன்வரிசைதான். படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே விரல்விட்டு எண்ண ஆரம்பித்தவள். சாக்கரின் எப்படி வில்லன் ஆனார், அதுவும் கடற்கொள்ளையன் ரெட் ராக்ஹமின் வாரிசாக? புத்தகத்தில் அவர் மாதிரிக் கப்பல்களைச் சேகரிக்கும் ஓர் அப்பாவி. வீட்டுத் தரையில் மயங்கிக் கிடப்பார், பாவம். பேராசிரியர் கால்குலஸ் எங்கே போனார்? ரெட் ராக்ஹமின் புதையலைத் தேடும் கதையில் அந்தக் காது கேளாத மனிதர் இல்லையென்றால் அது என்ன கதை? சுறா வடிவ நீர்மூழ்கி எங்கே? பாடகி காஸ்டஃபியோரே இங்கே எதற்கு வந்து பாடுகிறார்? பத்து விரல் போதவில்லை.

இத்தனை வருஷம் கழித்து இந்த மடலை எழுதக் காரணம், அந்தப் பட்டியலில் நான் சேர்க்காமல் விட்ட இரண்டு விஷயங்கள். நீங்களும் சேர்க்கவில்லை என்பதால் உங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னால் முகங்களைப் பற்றிப் பேசி முடித்துவிடுவோம். இதில் உங்களோடு எனக்குச் சண்டையே கிடையாது. ஹெர்ஜே வரைந்த டின்டின் முகத்தில் என்ன இருக்கிறது? இரண்டு புள்ளி, இரண்டு புருவக் கீற்று, மூக்குக்கு ஒரு சின்ன வளைவு, நெற்றிக்கு மேலே அந்தக் குடுமி. அவ்வளவுதான். பயம், யோசனை, பிடிவாதம் எல்லாவற்றையும் படிக்கிற நாம்தான் போட்டுக்கொள்கிறோம். படத்தில் அந்தக் காலி இடத்தில் மயிர்க்கால் தெரியும் தோலும் ஈரம் மினுங்கும் கண்ணும் வந்து உட்கார்ந்துவிட்டன. நமக்குப் போட எதுவும் மிச்சமில்லை. மனிதச் சாயல் கூடக் கூட ஓர் உருவம் நமக்குப் பிடித்துக்கொண்டே வரும்; கிட்டத்தட்ட மனிதன் என்கிற இடத்துக்கு வந்ததும் சட்டென்று உள்ளே என்னவோ உறுத்தும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதிவிட்டார். டின்டின் அந்தப் பள்ளத்தில் ஒரு காலை வைத்துக்கொண்டுதான் படம் முழுக்க ஓடுகிறார். அவருடைய நண்பர் கேப்டன் ஹேடாக் தாடியாலும் மூக்காலும் ஆண்டி செர்கிஸின் குரலாலும் தப்பித்துவிட்டார். இதில் வேடிக்கை டின்டினின் நாய் ஸ்னோயிதான். மற்றவர்களுக்கெல்லாம் நடிகர்களின் அசைவை மோஷன் கேப்ச்சரில் பிடித்தார்கள். நாய்க்கு அப்படி நடிகர் கிடையாது, அனிமேட்டர்களே அசைத்தார்கள். படத்தில் மிகவும் உயிரோடு இருப்பது அந்த நாய்தான் என்பது என் கட்சி.

சரி, இப்போது கதையை மாற்றிய குற்றம். 'தங்கக் கொடுக்கு நண்டு', 'யூனிகார்னின் ரகசியம்', 'ரெட் ராக்ஹமின் புதையல்' என்று மூன்று புத்தகங்களை ஒன்றாகக் கலக்கிக் கூழாக்கிவிட்டார்கள் என்கிறோம். உண்மைதான். ஆனால் மூலம் மூலம் என்கிறோமே, எந்த மூலம்? 'நண்டு' முதலில் 1940-41-ல் பிரஸ்ஸல்ஸ் செய்தித்தாள் ஒன்றில் கறுப்பு வெள்ளைத் தொடராக வந்தது. வண்ண ஆல்பமாக, அதாவது புத்தகமாக, ஆக்க 62 பக்கம் வேண்டும், கதை போதவில்லை. நான்கு முழுப்பக்கப் படங்களைப் போட்டு நிரப்பினார்கள். பிற்பாடு அமெரிக்கப் பதிப்பாளர்கள், ஹேடாக் பாட்டிலை வாயில் வைத்துக் குடிப்பது குழந்தைகளுக்கு ஆகாது என்றார்கள். கறுப்பின மாலுமி ஒருவரையும் மாற்றச் சொன்னார்கள். ஹெர்ஜே மாற்றிக் கொடுத்தார். 'கறுப்புத் தீவு' இன்னும் மோசம். கதை நடக்கும் பிரிட்டனை வரைந்ததில் 131 பிழைகள் என்று பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் பட்டியல் போட்டு அனுப்ப, உதவியாளர் பாப் தெ மூரை அங்கே நேரில் போய்ப் பார்த்து வரைந்துவரச் சொல்லி, 1966-ல் முழுப் புத்தகத்தையும் புதிதாக வெளியிட்டார். நம் அலமாரியில் இருப்பது பெரும்பாலும் அந்தத் திருத்திய பிரதிதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு 'ஒரு கோடுகூட மாற்றக் கூடாது' என்று சத்தியம் செய்கிறோம்.

இனி அந்த இரண்டு விஷயம்.

1971-ல் நூமா சாதூல் என்ற இளைஞர் ஹெர்ஜேயை உட்காரவைத்து நாள்கணக்கில் பேட்டி எடுத்தார். 1975-ல் அது புத்தகமாக வந்தது. தான் வரைந்ததிலேயே தனக்குத் திருப்தியான கட்டங்கள் என்று ஹெர்ஜே அதில் இரண்டைச் சொல்கிறார். ஒன்று 'நண்டு' ஆல்பத்தில் இருக்கிறது, இன்னொன்று 'புதையல்' ஆல்பத்தில். ஆமாம், படத்துக்கு எடுத்துக்கொண்ட அதே புத்தகங்கள்.

முதலாவதை உங்களுக்குத் தெரியும். தெரியும் என்று தெரியாமல் இருக்கலாம். பாலைவனத்தில் கொள்ளையர்கள் சுடுகிறார்கள். மணல்மேட்டுக்குப் பின்னால் டின்டினும் ஹேடாக்கும். ஒரு குண்டு ஹேடாக்கின் பாட்டிலைச் சிதறடிக்கிறது. மனிதருக்கு வெறி ஏறி, துப்பாக்கியைச் சுழற்றிக்கொண்டு, நாம் இன்றைக்கும் மனப்பாடமாக ஒப்பிக்கும் வசவுகளைப் பொழிந்தபடி எதிரிகளை நோக்கி ஓடுகிறார். அடுத்து வருவது அந்தக் கட்டம். கொள்ளையர்கள் பின்வாங்குகிறார்கள். ஒருவன் இன்னும் மணலில் படுத்திருக்கிறான். ஒருவன் எழுந்துகொண்டிருக்கிறான். ஒருவன் எழுந்து திரும்பிவிட்டான். ஒருவன் ஓடுகிறான். வரிசையாகப் பாருங்கள்: ஒரே ஆள் படுத்து, எழுந்து, திரும்பி, ஓடுவது போலவே இருக்கும். பல பேரை வைத்து ஒரு ஆளின் அசைவைக் காட்டிவிட்டார். படம் அசையவில்லை, நம் கண்தான் இடமிருந்து வலமாக ஓடுகிறது. இத்தனைக்கும் அவர்கள் ஓடுவது ஹேடாக்கைப் பார்த்து அல்ல, அவருக்குப் பின்னால் வரும் ராணுவ ரோந்துப் படையைப் பார்த்து. அது ஹேடாக்குக்குத் தெரியாது.

இரண்டாவது இன்னும் சாது. தீவுக்கு வந்து சேர்ந்த காட்சி. முன்னால் கடற்கரையில் ஹேடாக் காலடி வைத்து நடக்கிறார், பின்னால் படகு, அதற்கும் பின்னால் தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல். கப்பல் நின்றது, படகை இறக்கினார்கள், துடுப்புப் போட்டு வந்தார்கள், இப்போது தீவுக்குள் போகப்போகிறார்கள். நான்கைந்து கட்டம் பிடிக்கும் சங்கதியை ஒரே பார்வையில் முடித்துவிட்டார். சண்டை இல்லை, வசனம் இல்லை. நானெல்லாம் பல வருஷம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தேன்.

இந்த இரண்டு கட்டமும் படத்தில் இல்லை. பாலைவனம் இருக்கிறது, கொள்ளையர்கள் இல்லை. புதையல் இருக்கிறது, தீவுப் பயணம் இல்லை. சாக்கரினுக்காகவும் கால்குலஸுக்காகவும் மார்பில் அடித்துக்கொண்ட நம்மில் ஒருவர்கூட இவற்றைக் கேட்டு நான் பார்க்கவில்லை. வரைந்தவரே கையை வைத்துக் காட்டியதை! எனக்கு இது உறைத்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். கேட்டிருந்தாலும் எப்படிக் கொடுத்திருப்பார்கள்? ஸ்பீல்பெர்க் கொள்ளையர்களை வைத்திருந்தால் அவர்கள் எழுந்து ஓடியிருப்பார்கள், அவ்வளவுதான். திரையில் ஆள் ஓடுவதில் என்ன அதிசயம்? நின்றுகொண்டே ஓடுவது காகிதத்தில் மட்டும் நடக்கிற வித்தை. ஆகவே இந்த இழப்பை யார் தலையிலும் கட்ட முடியவில்லை. அங்கேயிருந்துதான் என் கோபம் ஆட்டம் கண்டது.

மறுபடி படத்தைப் போட்டுப் பார்த்தேன், இந்த முறை புத்தகத்தை மடியில் வைக்காமல். சந்தையில் ஓவியர் ஒருவர் டின்டினை வரைந்துகொண்டிருக்கிறார். ஓவியருக்கு ஹெர்ஜேயின் முகம். தாளைத் திருப்பினால் இரண்டு புள்ளிக் கண்ணோடு நம்முடைய பழைய டின்டின். 'அசல் அவருடையது, நாங்கள் வைத்திருப்பது வேறு' என்று முதல் காட்சியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அப்போது எனக்கு அது காதில் விழவில்லை.

அதைவிடப் பெரியது பாலைவனம். புத்தகத்தில் ஹேடாக் தன் முன்னோரின் கதையைத் தன் வீட்டுக் கூடத்தில் வைத்துச் சொல்வார். கத்தியை வீசி, குடித்து, நடித்து, கடைசியில் முன்னோரின் ஓவியத்தைக் கிழித்துக்கொண்டு தலையை அதற்குள் நுழைத்துவிடுவார். படத்தில் அவர் மணலில் தடுமாறிக்கொண்டிருக்கிறார், குடிக்க எதுவும் இல்லை, புத்தி தெளிகிறது. தெளியத் தெளிய ஞாபகம் வருகிறது. மணல்மேடு அலையாகிறது, அலை மேல் முன்னோரின் கப்பல் யூனிகார்ன் ஏறி வருகிறது. வெட்டே தெரியாது. குடித்துச் சொன்ன கதையைக் குடிக்காமல் சொல்ல வைத்தது ஒரு மாற்றம். மூலத்துக்குத் துரோகம் என்று நான் எழுதியும் இருக்கிறேன். வாபஸ் வாங்குகிறேன். ஹெர்ஜே ஒரு கட்டத்துக்குள் பல கணங்களை அடைத்தார் என்றால், இவர்கள் கட்டத்தின் கோட்டையே அழித்து ஒரு இடத்தை இன்னொன்றாக மாற்றினார்கள். காகிதத்தில் இது முடியாது.

படத்தில் வரும் பக்கார் ஊர்த் துரத்தல் அதே யோசனைதான், வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். ஆனால் அது எனக்கு அலுப்பு. பாதியில் கண் வேறெங்கோ போய்விடுகிறது. ஹெர்ஜே ஒரு கட்டம் ஓடவிட்டால் அடுத்த கட்டத்தில் யாரையாவது தடுக்கி விழவைத்து மூச்சு வாங்க விடுவார். இங்கே அந்த நிறுத்தம் இல்லை. துறைமுகத்தில் பாரந்தூக்கிகள் கத்திச்சண்டை போடுவதும் அப்படித்தான். விமானத்துக்கு எரிபொருள் தீர்ந்ததும் ஹேடாக் சாராய ஏப்பம் விட்டு ஓட்டுவது பற்றிப் பேசவே வேண்டாம். அதில் நாம் எல்லோரும் ஒரே பக்கம்.

'ஹெர்ஜே இருந்திருந்தால்' என்று ஆரம்பிக்கும் வாக்கியங்களை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம். 1981-ல் ஸ்பீல்பெர்க்கின் இன்னொரு படத்தை டின்டினோடு ஒப்பிட்டு பிரெஞ்சில் விமர்சனங்கள் வந்தபோதுதான் அவருக்கு டின்டின் என்ற பெயரே தெரியவந்தது. ஹெர்ஜேக்கும் ஸ்பீல்பெர்க் மேல் நம்பிக்கை இருந்தது. நேரில் சந்திப்பதற்குள் 1983 மார்ச்சில் ஹெர்ஜே போய்ச் சேர்ந்துவிட்டார். 28 வருஷம் கழித்து வந்த படத்தைப் பார்த்து அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

வரி பிசகாத படம்தான் வேண்டும் என்றால், அதுவும் வந்திருக்கிறது. 1947-ல் பெல்ஜியத்தில் 'நண்டு' கதையைப் பொம்மைகளை நகர்த்தி நகர்த்திப் படமெடுத்தார்கள். கதையை அப்படியே பின்பற்றினார்கள். தயாரிப்பாளர் திவாலாகி, படம் பல வருஷம் முடங்கிக் கிடந்தது. அதைப் பற்றி நாம் யாராவது இரண்டு வார்த்தை பேசியிருக்கிறோமா?

கடைசியாக ஒரு வீட்டுச் சங்கதி. என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. படத்தை அவளோடு பார்த்தபோது ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி 'புத்தகத்தில் இப்படி இல்லை தெரியுமா' என்றேன். மூன்றாவது தடவை ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். மறுநாள் அவளாகவே 'நண்டு' ஆல்பத்தை எடுத்து உட்கார்ந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாலைவனக் கட்டம் வரும் பக்கத்தை எதிர்பார்த்து, துணி மடிப்பது போல் பக்கத்திலேயே இருந்தேன். இரண்டு விநாடி. திருப்பிவிட்டாள். அதற்கு முன்பே, டின்டின் தன்னை ஒரு பாட்டிலுக்குள் அடைத்து ஹேடாக் திருகித் திறப்பதாகக் கனவு காணும் இடத்தில்தான் நெடுநேரம் நின்று சிரித்திருந்தாள். எனக்கு ஏமாற்றம்தான். என்ன செய்ய?

அடுத்து 'யூனிகார்னின் ரகசியம்'. பாதியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

"சித்தி, இந்த சாக்கரின் தாத்தா கெட்டவரே இல்லையா?"

"இல்லடா. புத்தகத்துல அவர் நல்லவர்தான்."

"அப்ப ராக்ஹமோட பரம்பரை?"

"அதெல்லாம் இல்ல."

புத்தகத்தை மூடி மேஜையில் வைத்தாள். "போ சித்தி. புத்தகத்துல எல்லாத்தையும் மாத்திட்டாங்க."

இரண்டாவது படத்தை பீட்டர் ஜாக்சன் எடுப்பதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை. வந்தால் நானும் அவளும் ஆளுக்கு ஒரு பட்டியலோடுதான் போவோம். உங்கள் பட்டியலையும் கொண்டுவாருங்கள். முகங்களைப் பற்றி எழுதுங்கள், ஏப்பத்தைப் பற்றி எழுதுங்கள். நடுவில் அந்த இரண்டு கட்டங்களையும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுதான் நான் கேட்பது.

ஹேடாக்கின் அத்தனை வசவுகளோடும்,
உங்களில் ஒருத்தி