அளவியின் வாசிப்பும் பஞ்சபுராணமும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் நண்பனுக்கு,

உனது கடிதம் கிடைத்தது. முழங்கால் நோவு தணிந்து நீ மீண்டும் காரைதீவுக் கடற்கரைக்கு நடந்து போகிறாய் என்று அறிந்து ஆறுதலடைந்தேன். இங்கு எல்லோரும் நலம். பேரன் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறான். ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பும் ரியூசனும் ஒரே நேரத்தில் நடப்பதால், எதற்கு அனுப்புவது என்று வீட்டில் ஒவ்வொரு கிழமையும் பேச்சு எழுகிறது. இதுவரை ரியூசனுக்கே போயிருக்கிறான்.

கோவில் காணியில் கல்வியையும் சைவ ஒழுக்கத்தையும் சேர்த்துப் புகட்டும் பாடசாலை ஒன்றைத் தொடங்க, கோவிலை நிருவகிக்கும் வண்ணக்கர்மார் விரும்புவதாகவும், அதற்கு உன் யோசனையைக் கேட்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். நீ அனுப்பிய நேரசூசியைப் பலமுறை வாசித்தேன். காலையில் தேவாரம் முதல் புராணம் வரை ஐந்து பாடல் ஓதும் பஞ்சபுராணம், வெள்ளியில் கூட்டுப் பிரார்த்தனை, நாயன்மார் குருபூசை, கிழமைக்கு இரண்டு பாடவேளை நீதிநூல் ஆகிய எல்லாம் வேண்டியவையே. ஆயினும் அந்தத் தாளில் பக்தி ஒரு பக்கமும் பாடம் மறுபக்கமுமாக நிற்கின்றன.

உங்கள் ஊரில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளை நினைத்துப் பார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும், 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறியவர் ஒருவரே. கண்ணகை அம்மனின் சினம் தணிய வைகாசியில் குளிர்த்தி பாடும் ஊரின் பிள்ளை, அக் கண்ணகியின் காப்பியமான சிலப்பதிகாரத்தில் வரும் அரங்கேற்று காதையைக் கையில் எடுத்து, நரம்பின் நீளத்தையும் சுருதியின் அளவையும் கணக்கிட்டு, 1947இல் பழந்தமிழ் இசையை ஆராயும் யாழ் நூலைத் தந்தார். வழிபாடும் இலக்கியமும் கணிதமும் அவரிடத்தில் வேறு வேறு பாடவேளைகளாக இருக்கவில்லை. 1929இல் இங்கே கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியவரும் அவரே. அவரது சமாதியும் அந்த வளவிலேயே இருக்கிறது. கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்த அவருடைய சைவம் அங்கே தேய்ந்துவிடவில்லை என்பதையும் வண்ணக்கர்மாருக்குச் சொல். பிற சமயத்தாரை இகழும் ஒரு சொல்கூட நம் பிள்ளைகளின் காதில் விழக் கூடாது.

நான் இரசாயனவியல் படிப்பித்த காலத்தில் நடந்த ஒன்றை உனக்கு இதுவரை எழுதவில்லை. காலைக் கூட்டத்தில் உருகி உருகித் தேவாரம் பாடும் மாணவன் ஒருவன், கரைசலின் செறிவைக் காணும் நியமிப்புச் செய்முறையில், விட்ட திரவத்தின் கனவளவை அளக்கும் குழாயான அளவி காட்டிய வாசிப்பை விட்டு, சரியான விடை வரும்படி ஓர் எண்ணை எழுதியிருந்தான். கேட்டபோது, "புள்ளி குறையும் சேர்" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை; சரியான விடைக்கு மட்டுமே புள்ளியிட்டுப் பழக்கியவன் நான் அல்லவா? அடுத்த கிழமையிலிருந்து, பிழையான முடிவையும் உள்ளபடி எழுதி, பிழை எங்கே நேர்ந்திருக்கும் என்று ஆராய்ந்தவர்களுக்கு முழுப் புள்ளி இட்டேன். சத்தியத்தைப் பற்றி நான் செய்த எந்தப் பிரசங்கமும் அந்த ஆய்வுகூடக் கொப்பி அளவுக்கு வேலை செய்யவில்லை.

ஆகையால் நீதிநூலுக்கு ஒதுக்கிய இரண்டு பாடவேளைகளில் ஒன்றை ஆய்வுகூடத்துக்குக் கொடு. தோத்திரங்களை மனனம் செய்விப்பதோடு பொருளையும் பண்ணையும் சொல்லிக் கொடுங்கள். நாம் விடுதியில் இருந்தபோது சாப்பிட்ட கோப்பையை நாமே கழுவி, பூமரங்களுக்கு நாமே தண்ணீர் ஊற்றினோமே, அந்த வழக்கமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக ஆசிரியர்களைத் தேடுங்கள். கட்டடம் ஓலைக் கொட்டிலாக இருந்தாலும் போதும்.

வருகிற பூரணையன்று வண்ணக்கர்மார் கூடுவதாக எழுதியிருக்கிறாய். நான் முதல் நாளே பஸ் ஏறி வந்துவிடுகிறேன். நேரசூசியின் இன்னொரு பிரதியை எடுத்து வை. இருவரும் உட்கார்ந்து திருத்துவோம்.

உன் அன்பு மறவாத நண்பன்.