குடியிருந்தவர் விட்டுச்சென்ற பொருள்கள்: பாலக்காட்டு எல்லையோர வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களிலும் அவற்றின் சுற்றுவட்டாரத்திலும் வீடுகளையும் லைன் அறைகளையும் வாடகைக்கு விட்டுவரும் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

உங்களில் பலருக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளை நம்பி வந்தவர்களும், கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் வேலை கிடைத்ததும் எல்லை தாண்டிக் குடிபோகிறவர்களும் வீட்டைக் காலி செய்யும்போது எல்லாச் சாமான்களையும் கொண்டுபோவதில்லை. வண்டியில் ஏற்றியது போக மீதி பரணிலும் சமையலறை மூலையிலும் கிடக்கிறது. அந்த மீதியை என்ன செய்வது என்பதில் நம் பக்கத்தில் உள்ள வழக்கம் முறையானதாக இல்லை.

சில வாரங்கள் பார்ப்பது, போனை எடுக்கவில்லை என்றால் பூட்டை உடைப்பது, சாமான்களைத் திண்ணையில் இறக்கிவைப்பது, அடுத்த குடித்தனம் வருவதற்குள் பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவது என்பதே அந்த வழக்கம். ஆடி மாதத்தில் கணவாய் வழியாக அடிக்கும் காற்றிலும் சாரலிலும் திண்ணையில் கிடக்கும் மெத்தையும் புத்தகமும் எந்தக் கதிக்கு ஆளாகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில், வீடு உண்மையிலேயே காலியாகிவிட்டதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். சாவி கைக்கு வந்தால் ஐயமில்லை. வெறுமனே கதவு பூட்டிக் கிடக்கிறது என்பது காலி செய்ததற்கு அத்தாட்சி ஆகாது. குடியிருப்பவர் மருத்துவமனையில் இருக்கலாம், ஊரில் ஒரு சாவுக்குப் போயிருக்கலாம். 1965ஆம் ஆண்டின் கேரளக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், தகுந்த காரணமின்றித் தொடர்ந்து ஆறு மாதம் குடியிருக்காமல் போவதை வெளியேற்றுவதற்கான ஒரு காரணமாக ஏற்கிறது. ஆனால், அப்போதும் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தின் உத்தரவைப் பெற்றே வீட்டைத் திரும்பப் பெற முடியும். அந்தச் சட்டம் நடைமுறையில் இல்லாத பகுதியாக இருந்தாலும் சுத்தியலை எடுத்துப் பூட்டை உடைக்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது.

சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவரின் பொருள் உள்ளே கிடந்தால், வீடுதான் உங்கள் கைக்குத் திரும்பியிருக்கிறது. பொருள் இன்னும் அவருடையதே. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்துக்கொள்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அதைப் பேண வேண்டும் என்கிறது. முயன்று தேடியும் உரியவர் கிடைக்காதபோதோ, நியாயமான செலவைத் தர அவர் மறுக்கும்போதோ மட்டும், பொருள் கெட்டுப்போகும் நிலையில் இருந்தால் அல்லது செலவு அதன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டினால், விற்க அது இடம் தருகிறது. நாம் பின்பற்றுவதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. நேர்மையற்ற எண்ணத்தோடு பிறர் பொருளைத் தனதாக்கிக்கொள்வது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவின்படி குற்றம்.

“வாடகையே பாக்கி, பீரோவையாவது எடுத்துக்கொள்கிறேன்” என்று என்னிடம் சொல்லாத உரிமையாளர்கள் குறைவு. அவர்களுடைய ஆற்றாமை எனக்குப் புரியாமல் இல்லை. அட்வான்ஸ் தொகையில் பாக்கியைக் கழித்துக்கொள்ளுங்கள். அதற்கும் மிஞ்சினால் வழக்குப் போடுங்கள். பீரோவுக்கு நீங்களே விலை வைத்து, நீங்களே வாங்கி, நீங்களே வரவு எழுதிக்கொள்வது கணக்குத் தீர்ப்பதாகாது.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் அல்ல. அக்கம்பக்கத்தார் இருவரையோ வார்டு உறுப்பினரையோ சாட்சியாக வைத்துக்கொண்டு, கிடப்பவற்றைப் படம் பிடித்து, பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒப்பந்தத்தில் உள்ள ஊர் முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் அறிவிப்பு அனுப்புங்கள். எடுத்துச்செல்ல நியாயமான கெடுவையும் அதில் குறிப்பிடுங்கள். குடியிருந்தவர் தமிழ் மட்டும் படிப்பவரானால் அறிவிப்பு தமிழில் இருக்கட்டும். அழுகும் காய்கறியையும் கிழிந்த பாயையும் அப்புறப்படுத்த யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். கேஸ் சிலிண்டரை அடைத்த அறையில் விட்டுவைக்கக் கூடாது. அது எண்ணெய் நிறுவனத்தின் உடைமை, ஆகவே ஏஜென்சிக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்து, ரசீதைப் பட்டியலோடு வையுங்கள். சாமி படங்களைப் பலரும் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அதையும் கெடு முடிந்த பிறகு செய்யலாம்.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்துவது தாள்களைப் பற்றி. மெத்தைக்கு அடியிலும் டிரங்குப் பெட்டியின் உள்தாளுக்குக் கீழும் பழைய காலண்டருக்குப் பின்னாலும் பார்க்காமல் எதையும் எடைக்குப் போடாதீர்கள். மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் தேடிக்கொண்டு ஒரு தாய் என் மேசைக்கு வந்தபோது, அது இருந்த பெட்டி எடைக்குப் போய்விட்டிருந்தது. பெட்டிக்குக் கிடைத்த காசு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாது. சான்றிதழின் நகலுக்காக அந்தக் குடும்பம் ஏறி இறங்கிய படிகளோ ஏராளம். ரேஷன் கார்டு, ஆதார், நிலப் பத்திரம், மருத்துவச் சீட்டு எதுவானாலும் தனி உறையில் போட்டு வையுங்கள். பாஸ்போர்ட் கிடைத்தால், 1967ஆம் ஆண்டின் சட்டப்படி அது மத்திய அரசின் உடைமை என்பதை நினைவில் கொண்டு, உரியவர் கிடைக்காவிடில் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறுங்கள்.

இனி எழுதும் ஒப்பந்தங்களில் ஒரு பிரிவைச் சேர்க்க உங்கள் இசைவைக் கோருகிறேன். காலி செய்யும் நாளில் இரு தரப்பும் சேர்ந்து பரண் உட்பட வீட்டைப் பார்வையிட வேண்டும். புதிய முகவரியையும் நெருங்கிய உறவினர் ஒருவரின் போன் நம்பரையும் எழுதிப் பெற வேண்டும். பொருள் ஏதும் தங்கினால், அறிவிப்பு கிடைத்த முப்பது நாளுக்குள் எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் சாட்சிகள் முன்னிலையில் விற்று, செலவு போக மிச்சத்தை உரியவருக்கு அனுப்ப வேண்டும். ஆவணங்களை எக்காரணம் கொண்டும் விற்கவோ அழிக்கவோ கூடாது. இப்பிரிவைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதித் தருவதற்கு நான் தனிக் கட்டணம் வாங்கப் போவதில்லை.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பகுதி ஒப்பந்த எழுத்தர் ஒருவர்