உபினில் வாடகைச் சைக்கிள்: கேத்தாம் பாதையில் நுழையுமுன் முன்பிரேக்கைச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறை தொடங்கியதும் சிங்கப்பூரின் சாங்கி பாயிண்ட் படகு முனையத்தில் குடும்பம் குடும்பமாக வரிசை நிற்கும். 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பிவிடும், சற்று நேரத்தில் புலாவ் உபின் தீவு. இறங்கியதும் கிராமத்துக் கடைகளில் ஆளுக்கொரு சைக்கிளை வாடகைக்கு எடுப்பார்கள். அங்கிருந்து கிழக்கே செக் ஜாவா ஈரநிலப் பகுதிக்குப் போகிறவர்களைப் பற்றிக் கவலையில்லை. மேற்கே திரும்பி, அதே சைக்கிளோடு கேத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவுக்குள் போகிறவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

உபினின் மிக உயரமான இடமே சுமார் 75 மீட்டர்தான். அதனால், "தட்டையான தீவுதானே" என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் அது கருங்கல் வெட்டியெடுத்த தீவு. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் ஜொகூர்ப் பாலத்துக்கும் இங்கிருந்து கல் போனது. கல்லுடைப்பு 1999ல் முடிந்தபின் குழிகளில் தண்ணீர் நிறைந்தது, சுற்றிலும் காடு மூடிக்கொண்டது. அப்படிப்பட்ட கேத்தாம் கற்குழியைச் சுற்றித்தான் 2008ல் சுமார் 10 கிலோமீட்டர் மலைச் சைக்கிள் பாதையைத் திறந்தார்கள். அங்கே சரிவுகள் குட்டையானவை, ஆனால் செங்குத்தானவை. சிதைந்த கருங்கல் மணல், வெயிலில் காய்ந்தால் பாசிப்பயற்றைக் கொட்டிவைத்ததுபோல் சக்கரத்தின் கீழ் உருளும். மரநிழலில் செம்மண் வழுக்கும், பழைய ரப்பர் மரங்களின் வேர்கள் குறுக்கே ஓடும்.

பாதைப் பிரிவுகளில் உள்ள குறிகளை முதலில் படியுங்கள். நீலச் சதுரம் என்றால் நடுத்தரக் கடினம். கறுப்பு வைரம் கடினம். இரட்டைக் கறுப்பு வைரம் இருக்கும் இடத்தில், தேர்ந்தவர்களே முதல் முறை இறங்கி நடந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்டுவார்கள். சாதாரண வாடகைச் சைக்கிள் நீலச் சதுரத்துக்குமேல் போகக்கூடாது. நீலச் சதுரத்திலும், கீழே சொல்லும் சோதனையில் தேறினால் மட்டும் போகலாம்.

கடைவாசலிலேயே ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். சைக்கிளின் பக்கத்தில் நின்று முன்பிரேக்கை முழுதாக அழுத்தி, வண்டியை முன்னால் தள்ளுங்கள். பின்சக்கரம் தரையைவிட்டு எழ வேண்டும். எழாமல் முன்சக்கரம் மெல்ல உருண்டால் அந்த வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து பின்பிரேக்கை அழுத்தித் தள்ளினால் பின்சக்கரம் சுழலாமல் இழுபட வேண்டும். அழுத்தும்போது பிரேக் பிடி கைப்பிடியைத் தொடக்கூடாது, குறைந்தது ஒரு விரல் இடைவெளி வேண்டும். பிறகு குனிந்து பிரேக் கட்டையைப் பாருங்கள். அதன் முகத்தில் குறுக்கே பள்ளக் கோடுகள் இருக்கும். கோடு மறைந்து மழமழவென்று இருந்தால் கட்டை தேய்ந்துவிட்டது. கட்டை ரிம்மில் மட்டும் பட வேண்டும். ஓரம் டயரைத் தொட்டால் அது டயரை அறுத்துவிடும், கீழே இறங்கியிருந்தால் கம்பிக்குள் நழுவும். இது ரிம் பிரேக்குக்கு. டிஸ்க் பிரேக் என்றால் தட்டில் எண்ணெய் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். செயினுக்கு அடித்த எண்ணெய் தெறித்துப் பட்டாலே பிடிப்பு போய்விடும்.

இருக்கையைச் சரிவுக்கு முன் நான்கு விரற்கடை இறக்குங்கள். காற்றைக் கல்போல அடைக்க வேண்டாம். டியூப் போட்ட அகல டயருக்கு, 65, 70 கிலோ எடையுள்ளவர் ஓட்டினால் 30 முதல் 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். அதற்குக் கீழே போனால் கல்லில் இடித்து டியூப் இரட்டை ஓட்டையாகும், 50க்கு மேல் போனால் டயர் தரையைப் பற்றாமல் துள்ளும்.

முன்பிரேக்கை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. சைக்கிளை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. அது பிடிக்காத வண்டியில் சரிவில் இறங்குகிறவர் பயத்தில் பின்பிரேக்கை இறுக்கிப் பிடிப்பார். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு மணலை வாரியபடி சறுக்கும். வேகமோ குறையாது, வளைவும் வந்துவிடும். அங்கே முன்சக்கரத்தைத் திருப்பினால் வண்டி பக்கவாட்டில் சரிகிறது. சரியான முறை, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் ஒரேசமமாக, விட்டுவிட்டு அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்துவது. இறங்கும்போது இருக்கையில் உட்காராதீர்கள். இரண்டு பெடலும் சமமட்டத்தில், குதிகால் தாழ்ந்து, முழங்கை மடங்கி இருக்கட்டும். வேர்களைச் செங்கோணத்தில் கடந்து செல்லுங்கள், வேர்மேல் பிரேக் வேண்டாம்.

அந்தச் சறுக்கலால் பாதைக்கும் கேடு. நல்ல மலைப்பாதை வெளியோரம் சுமார் 5 விழுக்காடு சாய்வாக இருக்கும், பெய்த மழை குறுக்கே வழிந்து காட்டுக்குள் போய்விட வேண்டும் என்பதற்காக. பாதையின் ஏற்றம் சராசரியாக 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, குன்றின் சரிவில் பாதியைவிடவும் மிகக்கூடாது என்பது பாதை அமைப்போரின் கணக்கு. இடையிடையே ஒரு சிறு தாழ்வும் மேடும் வைப்பதும் தண்ணீரை வெளியேற்றத்தான். பூட்டிய பின்சக்கரம் நடுவே ஒரு விரல் ஆழத்துக்குக் கோடு கிழித்தால், அடுத்த மழையின் தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்து நெடுக ஓடும். மெல்லிய மண் அடித்துப் போய்க் கல்லும் வேரும் மட்டும் மிஞ்சும். அதை ஒதுக்கி ஓட்டுகிறவர்களால் பாதை அகலும், செடிகள் மிதிபடும்.

இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்குமேல் மழை. ஜூனில் சுமத்ராப் பக்கமிருந்து விடிகாலையில் வரும் காற்றுமழை ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்து, வெயிலும் அடித்துவிடும். அதை நம்பி உடனே பாதையில் இறங்க வேண்டாம். மணற்பாங்கான மேடு அன்று பிற்பகலே காய்ந்துவிடும், மரநிழல் பள்ளங்களுக்கு மறுநாள்வரை விட வேண்டும். காலை ஊன்றிப் பாருங்கள். குதிகால் பதிந்தாலோ டயரில் மண் அப்பினாலோ திரும்பிவிடுங்கள். வழியில் தேங்கிய நீர் குறுக்கிட்டால் ஓரமாகச் சுற்றாமல் நடுவே மெதுவாகப் போங்கள்.

பள்ளம் விழுந்த இடத்தில் நல்லெண்ணத்தோடு கிளைகளையும் இலைகளையும் போட்டு மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது அழுகும், கீழே உள்ள குழியை மறைக்கும், நீரைத் தேக்கும். தேவையானது, வெளியோரத்தில் சேர்ந்த மண்வரப்பை மண்வெட்டியால் வாரி எடுத்து, நீர் தேங்கும் இடத்தில் சுமார் 3 மீட்டர் அகலத்தில் அரைவட்டமாக வெளிப்பக்கம் சரித்துவிடுவது. அதைத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியோடு, தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை என்று ஆண்டுக்கு இருமுறை இந்தப் பணியைத் தொண்டூழியர்களுடன் சேர்ந்து கழகம் ஏற்பாடு செய்தால் பெரும் உதவியாக இருக்கும்.

இன்னும் சில. கற்குழி வேலியைத் தாண்டாதீர்கள், கீழே ஆழமான நீர். உணவுப் பையை வெளியே தொங்கவிட்டால் குரங்கும் காட்டுப்பன்றியும் தேடி வரும். அடிபட்டால் 995 அவசர எண்ணை அழையுங்கள், ஆனால் இது தீவு, உதவி வரச் சற்று நேரமாகும். கையுறை, தலைக்கவசம், கட்டுத்துணி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் அவசியம். சொந்த சைக்கிளைப் படகில் கொண்டுவருகிறவர்கள் வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள், உப்பு ஓரிரவில் துருவேற்றும்.

கழகத்துக்கு இன்னொரு வேண்டுகோள். பூங்கா நுழைவாயிலில் பத்து மீட்டர் சமதரையும் ஒரு பலகையும் இருந்தால் எல்லாரும் அங்கேயே சோதித்துக்கொள்ளலாம். நான்கு மொழிகளிலும் இரண்டே வரி போதும்: "முன்பிரேக்கை அழுத்திச் சைக்கிளைத் தள்ளுங்கள். பின்சக்கரம் எழாவிட்டால் இந்தப் பாதையில் ஓட்டாதீர்கள்."

இப்படிக்கு,
மலைச் சைக்கிளோட்டி ஒருவர்,
பாசிர் ரிஸ்