ஏழாம் படுக்கையும் என் 20-ம்

அன்புள்ள நெட்டைக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. திட்டுவதை முதலிலேயே திட்டி முடித்துவிடு. நான் நலம், கால் மட்டும் நலமில்லை. எட்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வந்தால் அது யாருடைய கால் என்றே தெரிவதில்லை. தவளையைப் பார்த்து மயங்கி விழுந்தவள் இப்போது புண்ணுக்குக் கட்டுப் போடுகிறாள் என்று குண்டுவிடம் சொல்லிவிடு, நம்ப மாட்டாள்.

நர்சிங் படிப்பில் அடுத்த மாதம் உனக்கு முதல் வார்டு போஸ்டிங், அதை எப்படி உருப்படியாகக் கழிப்பது என்று கேட்டிருந்தாய். போன வாரம் எழுதியிருந்தால் பெரிய உபதேசமே செய்திருப்பேன். பையில் குட்டி நோட்டு வை, தெரியாத மருந்தின் பெயரைக் குறித்து ராத்திரி படி, செய்த வேலைகளைப் பதியும் லாக்புக்கில் வாங்க வேண்டிய கையெழுத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாதே. அதெல்லாம் சரி, செய். இப்போது எனக்குச் சொல்லத் தோன்றுவது ஒன்றுதான். மூச்சை எண்ணு. முழு நிமிடமும் எண்ணு.

சிரிக்காதே. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 என்று நீயும்தான் மனப்பாடம் செய்திருப்பாய். வார்டுக்கு வந்து பார், சார்ட் முழுக்க 20. தூங்குகிறவருக்கு 20, இருமுகிறவருக்கும் 20. பிபிக்கு மெஷின் இருக்கிறது, ஆக்சிஜனுக்கு விரலில் மாட்டும் கிளிப் இருக்கிறது. மூச்சுக்கு மட்டும் ஆள் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவு வேலைக்கு நடுவே யார் நிற்பது? முதல் வாரம் நான் நின்றேன். இரண்டாம் வாரம் நானும் 20 போடப் பழகிவிட்டேன்.

செவ்வாய் காலை ஏழாம் படுக்கைத் தாத்தாவுக்கு உடம்பு துடைக்கப் போனேன். (இந்த வேலையிலிருந்து நழுவாதே. குதிகால், இடுப்பின் பின்புறம் எங்காவது படுக்கைப்புண்ணுக்கு முன்னோடியாகச் சிவந்திருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.) மூச்சு விடாமல் பேசுகிற மனுஷன், அன்று இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் நிறுத்தினார். பிபி ஒழுங்கு. கிளிப்பில் 95. நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பைப் பார்த்தேன். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர்கள் மூச்சு மாறிவிடும், அதற்குத்தான் இந்த நடிப்பு. 28. என் கடிகாரம்தான் தப்பு என்று மறுபடி எண்ணினேன். 28.

இங்கிலாந்தில் 2012-ல் கொண்டுவந்த நியூஸ் (NEWS) என்று ஒரு முறை, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்ட மதிப்பெண் போடுவது, கூடினால் ஆபத்து. அதில் மூச்சு 25-ஐத் தொட்டாலே 3 மதிப்பெண். அந்த ஒன்றுக்காகவே அவசரமாகப் பார்க்க வேண்டும். படித்தது நினைவிருந்தது, வாய்தான் வரவில்லை. இன்சார்ஜ் சிஸ்டர் முன்னால் நின்று, "தாத்தா என்னவோ மாதிரி இருக்கிறார்" என்று ஆரம்பித்தேன். "கதை வேண்டாம், எண்ணைச் சொல்" என்றார். சொன்னேன். எழுந்து வந்து அவரும் ஒரு நிமிடம் நின்று எண்ணினார். டாக்டர், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் மளமளவென்று நடந்தன. நிமோனியா. இப்போது தேறிவிட்டார், மறுபடி வாய் மூடுவதில்லை.

அப்புறம் சிஸ்டர் என்னை உட்காரவைத்து எஸ்பார் (SBAR) சொல்லிக்கொடுத்தார், நோயாளியைப் பற்றி மேலே தகவல் சொல்லும் முறை. நிலைமை, பின்னணி, உன் கணிப்பு, உனக்கு என்ன வேண்டும், இந்த வரிசையில் பேச வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளிலிருந்து மருத்துவமனைக்கு வந்த பழக்கமாம். கண்ணாடி முன் பேசிப் பார்த்துவிட்டுப் போ, நான் செய்தது போல் உளறாதே.

எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார், நெட்டை. அதுதான் தாங்கவில்லை. திங்கள் சாயங்காலம் தாத்தா சார்ட்டில் 20 போட்டவள் நான். எண்ணவேயில்லை. அன்று 18 இருந்ததோ, 24 இருந்ததோ, இனி யாருக்கும் தெரியாது. என் கையெழுத்தில் அந்த 20 மட்டும் இருக்கிறது.

சிஸ்டரிடம் சொல்லிவிடுவதாக மூன்று நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஷிப்ட் மாறும் ஹேண்டோவர் நேரத்தில் கூட்டம், அப்புறம் அவர் ரவுண்ட்ஸ், அப்புறம் என் பயம். நாளை காலை அரை மணி முன்னாலேயே போகப் போகிறேன். உன்னிடம் எழுதிவிட்டேன், இனி சொல்லாமல் இருந்தால் நீ விடமாட்டாய்.

இதைக் குண்டுவிடம் சொல்லாதே. தவளையோடு நிறுத்திக்கொள்.

உன்,
ஓட்டைவாய்