தொண்டையைப் பார்த்துக்கொள், மக்ளே

மக்ளே,

ரிகர்சல் என்று ஒற்றை வார்த்தை அனுப்பியிருந்தாய். சரி, வேலை இருக்கும்போது அம்மாவிடம் பேச நேரம் இருக்காதுதான். போன் போட்டால் "அப்புறம் கூப்பிடுறேன்" என்பாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். நின்றுகொண்டு படிக்காதே. சாப்பிட்டுவிட்டுப் படி.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தம்பி பரீட்சை எழுதி முடித்துவிட்டான். எப்படி எழுதினாய் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறான். நாகர்கோவிலில் பாட்டி எப்போது பேசினாலும் உன்னைத்தான் கேட்கிறார். எந்த மேடையில் பாடுகிறாள், டிவியில் காட்டுவார்களா என்று. காட்டுவார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

தொண்டை எப்படி இருக்கிறது? கடைசியாகப் பேசியபோது கரகரவென்று இருந்தது. சளி என்றாய். சளியோடு பாடாதே. ஆவி பிடி, தண்ணீர் நிறையக் குடி. மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் டாக்டரிடம் போய்க் குரல்நாணைக் காட்டத்தான் வேண்டும். அம்மா சொன்னால் கேட்க மாட்டாய், ஒரு நர்ஸ் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்.

டவுனுக்குப் போகும்போதெல்லாம் செயின்ட் டேவிட்ஸ் சர்ச்சைத் தாண்டித்தான் போகிறேன். தாண்டும்போதெல்லாம் கேத்தரின் ஜென்கின்ஸ் நினைப்பு வருகிறது. வேல்ஸில் இந்த நீத் ஊரில் அந்த சர்ச்சின் பாடகர் குழுவில், கொயரில், நின்று பாடிப் பெரிய பாடகியான பிள்ளை. அவளைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்.

உன் கூடப் படித்தவர்களிடம் அவள் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கதை முழுவதையும் பாட்டாகவே நடிக்கும் ஆபரா ஒன்றில்கூட முழுதாக மேடையேறாதவளைப் பத்திரிகைகள் ஆபரா பாடகி என்று எழுதுகின்றன என்று அவர்களுக்குக் கோபம். அதில் நியாயம் இருக்கிறது. மைக் இல்லாமல், ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி, கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். அதற்கு நீ பட்ட பாடு இந்த வீட்டுச் சுவர்களுக்குத் தெரியும். மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில் குரலுக்கு ஒரு கூர்மை வரும், அந்த இடத்தில் வாத்தியங்களுக்குப் பலம் குறைவு, அதனால்தான் தனி ஒரு குரல் மேலே கேட்கிறது என்று அடுப்படியில் நின்று எனக்குப் பாடம் எடுத்தாயே. நான் அதை வார்டில் எல்லோருக்கும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். பாதிப் பேருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

ஆனால் அந்தப் பிள்ளை வந்த வழியையும் நினைத்துப் பார். 1980-ல் பிறந்தவள். அப்பா ஃபேக்டரி வேலையை விட்டபிறகு வீட்டிலிருந்து இரண்டு பெண்களையும் வளர்த்தார். அம்மாதான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனார், மார்பக எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அவளுக்கு 15 வயதாகும்போது அப்பா நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். எனக்கு அந்த அம்மாவை நினைத்தால்தான் நெஞ்சு அடைக்கிறது. ஷிப்டுக்கும் போய், துக்கத்தையும் வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பாட்டு வகுப்புக்கும் அனுப்பி, 17 வயதில் லண்டனுக்கு ராயல் அகாடமிக்கு ரயிலேற்றியும் விட்டிருக்கிறார். ரயிலேற்றிவிட்டு ஸ்டேஷனில் நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

அகாடமியில் படித்து முடித்த கையோடு யாரும் அவளைக் கூப்பிட்டு மேடையில் ஏற்றிவிடவில்லை. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். லண்டன் ஐ ராட்டினத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக நின்றாள். மாடலிங் செய்தாள். எட்டாம் கிரேடு பாட்டும் பியானோவும் முடித்த பிள்ளை, வேல்ஸின் சிறந்த கொயர் பெண் என்று பிபிசி ரேடியோ 2-ல் இரண்டு முறை ஜெயித்த பிள்ளை, ராட்டினப் பெட்டிக்குள் நின்று அதோ பாராளுமன்றம், இதோ நதி என்று கைகாட்டியிருக்கிறாள். வாடகை கொடுக்க வேண்டுமே. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எனக்கு அந்தப் பிள்ளையிடம் ரொம்பப் பிடித்ததே இந்த இடம்தான். இதைத் தம்பியிடமும் சொன்னேன், அப்பாவிடமும் சொன்னேன். உன்னிடமும் சொல்கிறேன்.

அப்புறம்தான் யுனிவர்சல் கம்பெனி வந்தது. ஆறு ஆல்பத்துக்கு ஒப்பந்தம், பத்து லட்சம் பவுண்டு என்று அப்போது பேசிக்கொண்டார்கள். 2003 அக்டோபரில் போப் இரண்டாம் ஜான் பாலின் வெள்ளிவிழாவுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரலில் பாடினாள். 2004-ல் வந்த முதல் ஆல்பம் கிளாசிக்கல் பட்டியலில் முதலிடம். 2005-லும் 2006-லும் அடுத்தடுத்து கிளாசிக்கல் பிரிட் விருதில் ஆண்டின் சிறந்த ஆல்பம் அவளுடையது. நம் வார்டில் வயதான பெண்கள் தலைமாட்டில் அவள் சிடி இருக்கும். ஆபரா என்றால் என்னவென்றே தெரியாமல் கார்மென் ஆபராவின் பாட்டை முணுமுணுத்தார்கள். உன் சிநேகிதிகள் சொல்கிற குறை அத்தனையும் உண்மையாகவே இருக்கட்டும், அந்தப் பெண்களுக்கு வலி குறைந்தது என்பதும் உண்மை.

நீ சாப்பிடுகிறாயா? ராத்திரி பாடிவிட்டு வெறும் வயிற்றோடு படுக்காதே, நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிட்டுவிட்டு உடனேயும் படுக்காதே. அமிலம் மேலே வந்தால் முதலில் கெடுவது குரல்தான்.

ஒப்பந்தம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு யாரும் காகிதம் எதுவும் நீட்டியிருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. நீட்டினால் என்றுதான் சொல்கிறேன். கார்டிஃப் பிள்ளை, சார்லட் சர்ச் என்ற பாடகி, நினைவு இருக்கிறதா? 1997-ல், 11 வயதில், ஒரு டிவி நிகழ்ச்சிக்குப் போன் வழியாகப் பாடினாள். 12 வயதில் சோனி ஆல்பம் வந்து உலகமே தலையில் தூக்கிவைத்துக்கொண்டது. 2011-ல் பத்திரிகைகளின் அத்துமீறல்களை விசாரித்த லெவிசன் விசாரணையில் அவள் சாட்சி சொன்னதைப் படித்தபோது எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. 13 வயதில் பத்திரிகை முதலாளி ரூப்பர்ட் மர்டாக்கின் கல்யாணத்தில் பாடக் கூப்பிட்டார்களாம். ஒரு லட்சம் பவுண்டு வேண்டுமா, அல்லது பணம் வாங்காமல் பாடினால் அவர் பத்திரிகைகள் உன்னைப் பற்றி நல்லபடி எழுதும், அது வேண்டுமா என்று கேட்டார்களாம். பிள்ளைக்குப் பணம்தான் வேண்டியிருந்தது. பெரியவர்கள் மாற்றிச் சொன்னார்கள் என்றாள். மர்டாக் தரப்பு அதை மறுத்தது. ஆனால் நல்லபடி எழுதுவது இருக்கட்டும், அவர் கம்பெனியின் பத்திரிகை அவள் குடும்பத்தின் போன் செய்திகளை ஒட்டுக்கேட்டு, வீட்டு அந்தரங்கத்தைக் கொண்டுவந்து அச்சில் போட்டது. 2012-ல் வழக்குச் செலவோடு சேர்த்து ஆறு லட்சம் பவுண்டு கொடுத்து சமாதானம் செய்துகொண்டார்கள். அந்தத் தாய் தகப்பன் பட்டதற்கு அது ஈடாகுமா? நல்லவேளை, அந்தப் பிள்ளை நிமிர்ந்துவிட்டாள். பிடித்த பாட்டைப் பிடித்தபடி பாடுகிறாள். வாயில் வந்ததைத் தைரியமாகப் பேசுகிறாள்.

அதனால் எந்தக் காகிதமாக இருந்தாலும் மியூசிசியன்ஸ் யூனியனில் காட்டாமல் கையெழுத்துப் போடாதே. உறுப்பினராக இருந்தால் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வார்கள். சந்தா கட்டினாயா? இல்லையென்றால் சொல், நான் கட்டுகிறேன். எத்தனை வருடம், எத்தனை ஆல்பம், உன் படத்தை என்ன செய்வார்கள், சளி பிடித்தால் பாட மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டா, எல்லாவற்றையும் கேள்.

அப்பாவுக்கும் எனக்கும் இந்த விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. மகள் மேடையில் ஒரு முழு ஆபரா பாடுவதைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு. கேத்தரினைப் பற்றியும் அதே குறைதான். 2017-ல் இங்கிலீஷ் நேஷனல் ஆபரா நடத்திய "கேரசல்" நாடகத்தில் அவள் ஆல்ஃபி போவுடன் நடித்தபோது, "ஆபரா கம்பெனி வரைக்கும் போய்விட்டு மியூசிக்கல் பாடுகிறாளே" என்று வருத்தப்பட்டார். பிரின் டெர்ஃபலைப் பார் என்பார். வடக்கு வேல்ஸில் ஆடு மேய்க்கிற பண்ணையில் பிறந்தவர், 1989-ல் கார்டிஃப் பாடகர் போட்டியில் லீடர் என்ற ஜெர்மன் கலைப்பாடலுக்கான பரிசு வாங்கி, உலகத்து ஆபரா மேடைகளையெல்லாம் ஏறிவிட்டார் என்பார். நானும் டெர்ஃபல் கேட்கிறேன். அந்தக் குரல் கடவுள் கொடுத்தது. ஆனால் ஒரு ஊருக்கு டெர்ஃபல் மட்டும் போதாது. ரக்பி மைதானத்தில் மழையில் நின்று தேசிய கீதத்தைத் தொடங்கிவைக்கவும் ஒருத்தர் வேண்டும். வெல்ஷ் ரக்பி யூனியனே நம் ஊர் காசில் ஹோட்டலில்தானே 1881-ல் தொடங்கியது. இந்த ஊர்ப் பிள்ளை கார்டிஃபில் எழுபதாயிரம் பேர் முன்னால் "ஹென் வ்லாட் வி நஹாதை" என்ற அந்தத் தேசிய கீதத்தைப் பாடும்போது அப்பாவும் எழுந்து நிற்கிறார், ஒன்றும் சொல்வதில்லை.

உண்மையைச் சொன்னால், அவள் ஆபராவின் பெரிய தனிப்பாடல்களை, ஆரியாக்களை, எடுத்துப் பாடும்போது எனக்கு அவ்வளவு ஒட்டுவதில்லை. வெல்ஷ் கீர்த்தனைகளைப் பாடும்போதுதான் அவள் குரல் அதன் வீட்டில் இருக்கிறது. உன் குரலோடு வைத்துப் பார்த்தால் உன்னுடையதுதான் பெரிது. தாய் சொல்கிறாள் என்று தள்ளிவிடாதே. உன் டீச்சரும் அதைத்தானே சொன்னார், மெஸ்ஸோ என்ற நடுத்தரப் பெண் குரல் முப்பதைத் தாண்டித்தான் முழுசாகத் திரளும், அவசரப்படாதே என்று. ஒரு வருடம் ஒரு இடத்தில் வேண்டாம் என்று சொன்னார்கள் என்றால், அந்த வருடம் வேண்டாம் என்றுதான் அர்த்தம். அப்படி யாரும் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. ஏப்ரலில் முடிவு வரும் என்று நீ சொன்னதை அப்பா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். இப்போது பக்கம் திருப்பியாயிற்று. அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

2005-ல், இரண்டாம் உலகப் போர் முடிந்த அறுபதாம் ஆண்டுக்கு, டிரஃபால்கர் சதுக்கத்தில் போர்க்காலப் பாடகி வேரா லின் அம்மாவோடு கேத்தரின் நின்றாள். அதே வருடக் கடைசியில் இராக்கில் இருந்த பட்டாளத்துக்காரர்களுக்குப் பாடப் போனாள். 2020 மே 8 நினைவிருக்கும் உனக்கு, எழுபத்தைந்தாம் ஆண்டு. கொரோனா. ஐயாயிரத்துக்கு மேல் இருக்கைகள் உள்ள ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரு ஆள் இல்லை, அவள் மட்டும் நின்று பாடினாள். நான் ஷிப்ட் முடிந்து வந்து, முகத்தில் மாஸ்க் தழும்போடு, போனில் பார்த்தேன். கைதட்ட ஆள் இல்லாத இடத்தில் முழுக் குரலோடு, முழு அலங்காரத்தோடு பாட ஒரு மனசு வேண்டும். அன்றைக்கு அவளை ஆபரா பாடகியா இல்லையா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. அழுதேன்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தோன்றும்.

நம் சர்ச்சுக்கு வரும் அக்கா, பேர் வேண்டாம், போன மாதம் லண்டனில் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தார். பச்சை கவுனில் நீ ரொம்ப அழகாக இருந்தாயாம். மூன்று பாட்டு பாடினாயாம், கடைசிப் பாட்டுக்கு மாப்பிள்ளையின் தாத்தா கண்ணைத் துடைத்தாராம். உன்னிடம் வந்து பேசலாமா என்று யோசித்தாராம், நீ அவரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாயாம். ஏன் போனாய் மக்ளே? எனக்கு அதுதான் தாங்கவில்லை. பாடினது இல்லை, போனது. நம் ஆள் ஒருத்தரைப் பார்த்து நீ ஒளிய வேண்டுமா? அவர் அதை என்னிடம் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்படுவதா, தெரியாததுபோல இருப்பதா என்று தெரியாமல் டீ போட எழுந்துவிட்டேன். என்ன பாடினாய் என்றுகூட அவரிடம் நான் கேட்டுக்கொள்ளவில்லை. நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. நீ சொல். அவர் அரை மணி நேரம் டெர்ஃபலைப் பற்றிப் பேசுவார், பேசட்டும். அப்புறம் வீடியோ இருக்கிறதா என்று கேட்பார்.

வாடகைக்குக் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன், திருப்பி அனுப்பாதே. அந்த வேலையில் மைக் நன்றாக இருக்கிறதா? மைக் சரியில்லை என்றால் தொண்டையைக் கொடுத்து ஈடுகட்டாதே, அவர்களைச் சரிசெய்யச் சொல். பாடி முடித்ததும் குளிரில் வெளியே நின்று பேசாதே. அந்த ஊர் ராத்திரியில் தனியாக பஸ்ஸில் வராதே, டாக்சி பிடி, காசு நான் தருகிறேன்.

வரும் சனிக்கிழமை பாட்டு இல்லை என்றால் வா. பேடிங்டனில் ஏறினால் ஸ்வான்சி ரயில் நம் ஊரில் நிற்கும், மாற வேண்டியதில்லை. எந்த வண்டி என்று மட்டும் தம்பிக்கு மெசேஜ் போடு, அப்பா காரோடு நிற்பார். மீன் குழம்பு வைக்கிறேன். பாட்டு இருக்கிறது என்றால் அதையும் ஒளிக்காமல் சொல், எந்த ஹோட்டல், எத்தனை மணி என்று. நானும் அப்பாவும் வந்து பின்னால் எங்கேயாவது நின்று கேட்டுவிட்டுப் போகிறோம்.

ஆவி பிடி. மறக்காதே.

அன்புடன்,
அம்மா