கொல்கத்தா டிராமுக்கு அதன் தடத்தைத் திருப்பிக் கொடுங்கள்: மேற்கு வங்கப் போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கும் துறையின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நகர மையத்தில் உள்ள எஸ்பிளனேடிலிருந்து, ‘மைதானம்’ என்று அழைக்கப்படும் பரந்த திறந்தவெளி வரையிலான சிறு தொலைவை மட்டும் மரபுச் சின்னமாக வைத்துக்கொண்டு, மற்ற வழித்தடங்களில் டிராமை நிறுத்திவிடப் போவதாக 2024 செப்டம்பரில் உங்கள் துறை அறிவித்தது. நகரப் பரப்பில் ஏறத்தாழ 6 சதவீதமே சாலையாக இருப்பதும், மெதுவாகச் செல்லும் டிராமால் நெரிசல் கூடுவதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. சாலை குறைவு என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இருக்கும் கொஞ்சச் சாலையில் ஒருவர் இருவரை ஏற்றிச் செல்லும் கார்களுக்கு இடம் விட்டுவிட்டு, இரு பெட்டிகளில் நூறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லக்கூடிய வண்டியை வெளியேற்றுவது எப்படி நியாயமாகும்?

1873 பிப்ரவரி 24 அன்று சியால்டாவிலிருந்து ஆர்மீனியன் படித்துறை வரை குதிரைகள் இழுத்துச் சென்ற முதல் டிராம், அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நின்றுபோனது. 1880இல் லண்டனில் பதிவான கல்கத்தா டிராம்வேஸ் நிறுவனம் அதை மீண்டும் தொடங்கியது. நீராவி எஞ்சினையும் சோதித்துப் பார்த்து, 1902இல் எஸ்பிளனேடிலிருந்து கிதிர்பூர் வரை மின்சார டிராமை ஓட்டியது. 1943இல் ஹௌரா பாலம் திறக்கப்பட்டபோது அதன் மேல் டிராமும் ஓடியது. இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியதற்காக 1953இல் நகரமே தெருவில் இறங்கியது என்றால், எளிய மக்களின் அன்றாட வாழ்வில் இந்த வண்டிக்கு இருந்த இடத்தை அதைவிடத் தெளிவாகச் சொல்ல வேறு சான்று வேண்டியதில்லை. 1967இல் நிர்வாகத்தையும் 1976இல் உடைமையையும் அரசு ஏற்றது, பொதுமக்களின் சொத்தாக இதைக் காப்பதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

டிராம் ஏன் மெதுவாகச் செல்கிறது என்ற கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ராஷ்பிஹாரி அவென்யூ போன்ற அகன்ற சாலைகளில் டிராமுக்கென்று நடுவில் தனித்தடம் இருந்தது. வேறு வண்டிகள் அதில் ஏற முடியாது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்தத் தடங்களைக் கான்கிரீட்டால் சமன்செய்து எல்லா வாகனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். அதன் பிறகு தண்டவாளத்தின் மேல் ஒரு கார் நின்றாலும், விலகிச் செல்ல வழியில்லாத டிராம் அதன் பின்னால் காத்து நிற்க வேண்டியதாயிற்று. பயணிகளும் நடுச்சாலையில், ஓடும் வண்டிகளுக்கிடையே ஏறி இறங்க நேர்ந்தது. வேகம் குறைந்ததால் பயணிகள் குறைந்தார்கள். பயணிகள் குறைந்ததைக் காட்டி வண்டிகளும் வழித்தடங்களும் குறைக்கப்பட்டன. தடத்தைப் பறித்தது நிர்வாகத்தின் முடிவு. அதன் விளைவை வண்டியின் குறையாகக் கணக்கெழுதுவது முறையல்ல.

மின்சாரப் பேருந்துகள் வருவதை வரவேற்கிறேன். ஆனால் அவற்றின் மின்கலங்களைச் சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்ற வேண்டும். எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் உருள்வதைவிட, தார்ச்சாலையில் டயர் உருள்வதற்கு அதிக ஆற்றல் செலவாகும். மின்கம்பியிலிருந்து நேரே மின்சாரம் எடுக்கும் டிராமுக்கு மின்கலமே தேவையில்லை. பெரும் பொருட்செலவில் அடித்தளம் போட வேண்டிய இந்த வசதி, உங்கள் நகரத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

இதைச் சென்னையைச் சேர்ந்தவன் என்ற முறையில் அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் மின்சார டிராம் 1895இலேயே, அதாவது கொல்கத்தாவுக்கு ஏழு ஆண்டுகள் முன்பே ஓடத் தொடங்கியது. நட்டத்தில் மூழ்கிய நிறுவனம் 1953 ஏப்ரலில் அதை நிறுத்தியபோது, தண்டவாளங்களைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று ஆட்சியாளர்களுக்குத் தோன்றவில்லை. இன்று மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் 63,246 கோடி ரூபாய் மதிப்பீட்டில் வேலை நடக்கிறது. மெட்ரோ தேவைதான், ஆனால் வீட்டு வாசலிலிருந்து நிலையம் வரை மக்களைக் கொண்டு சேர்க்கும் தரைவழி ரயிலை எந்தத் தொகை கொடுத்தும் எங்களால் இனி எளிதில் மீட்க முடியாது. 1961இல் டிராமைக் கைவிட்ட சிட்னி, 1997இல் அதை மறுபடியும் கொண்டுவந்தது. பாரிஸ் பெருநகரமும் 1992இல் திரும்பக் கொண்டுவந்தது. நீங்கள் இன்னும் முழுவதுமாக இழக்கவில்லை.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். தண்டவாளங்களின் மேல் தார் பூசுவதையும், மின்கம்பிகளை அகற்றுவதையும், பணிமனை நிலங்களை விற்பதையும் உடனே நிறுத்தி வையுங்கள். மைதானத்தின் மரநிழலில் இப்போதும் தனித்தடமாகவே உள்ள, 2020இல் அம்பான் புயலுக்குப் பின் நின்றுபோன கிதிர்பூர் வழித்தடத்தை முதலில் சீர்செய்து ஓட்டுங்கள். சாலை அகலம் இடம்கொடுக்கும் டாலிகஞ்ச்–பாலிகஞ்ச் வழித்தடத்தில் தனித்தடத்தை மீட்டு, நிறுத்தங்களில் ஏறி இறங்க மேடை அமைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று ஓராண்டு ஓட்டிப் பாருங்கள். அந்த ஓராண்டின் பயணிகள் எண்ணிக்கையையும் வேகத்தையும் மாதந்தோறும் வெளியிடுங்கள். மற்ற வழித்தடங்களைப் பற்றிய முடிவை அந்தக் கணக்கு வந்த பிறகு எடுக்கலாம்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு குடிமகன்