முதலில் ரத்தம் எடுங்கள், பிறகு மாத்திரை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வைட்டமின் குறைபாடுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், எது குறைந்தால் என்ன நோய் வரும் என்ற பட்டியல் சரியாகவே இருக்கிறது. கடைசிப் பத்தியில் சொல்லியிருக்கும் யோசனைதான் சிக்கல். சோர்வும் கை கால் மரத்துப்போதலும் இருந்தால் முதலில் ஒரு மாதம் பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டுப் பார்க்கலாம், குணம் தெரியாவிட்டால் பரிசோதனைக்குப் போகலாம் என்கிறது கட்டுரை. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். மற்ற வைட்டமின்களில் இப்படிச் செய்தால் பெரும்பாலும் காசுதான் வீண். பி12 விஷயத்தில் நரம்பே போய்விடலாம்.

காரணம், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகள் பலவற்றில் கலந்திருக்கும் ஃபோலிக் அமிலம். ஃபோலேட் என்ற பி வைட்டமினின் மாத்திரை வடிவம் அது. புதிய ரத்த அணுக்கள் உருவாக டிஎன்ஏ வேண்டும். அதற்கு ஃபோலேட் வேண்டும். உடலில் உள்ள ஃபோலேட்டைப் பயன்படும் வடிவத்துக்குத் திருப்ப பி12 வேண்டும். பி12 குறைந்தால் ஃபோலேட் இருந்தும் இல்லாத நிலை. சிவப்பணுக்கள் சரியாகப் பிரியாமல் பெருத்துப்போய், எண்ணிக்கை குறைந்து, ரத்தசோகை வருகிறது. இந்த நேரத்தில் ஃபோலிக் அமில மாத்திரையை வெளியிலிருந்து கொடுத்தால், அது பி12-இன் உதவி இல்லாமலேயே டிஎன்ஏ வேலைக்குள் நுழைந்துவிடும். ஹீமோகுளோபின் ஏறும், முகம் தெளியும், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையைப் பராமரிக்கும் வேலையை ஃபோலிக் அமிலத்தால் செய்ய முடியாது. ரத்தம் தேறிக்கொண்டிருக்கும்போதே தண்டுவடத்தின் பின்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் சிதைந்துகொண்டு போகும். ஃபோலிக் அமிலம் 1940-களில் மருந்தாகப் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே மருத்துவர்கள் கண்டுகொண்ட ஆபத்து இது. கலந்தடிக்கும் சத்து மாத்திரைகளில் இன்னும் தொடர்கிறது. பெரியவர்களுக்கு மாத்திரை வழியாகச் சேரும் ஃபோலிக் அமிலம் ஒரு நாளைக்கு 1,000 மைக்ரோகிராமைத் தாண்ட வேண்டாம் என்ற வரம்பு இதற்காகத்தான் வைக்கப்பட்டது. பரவலாகக் கிடைக்கும் 5 மில்லிகிராம் மாத்திரை அந்த வரம்பைப் போல ஐந்து மடங்கு. மருத்துவர் காரணத்தோடு எழுதிக்கொடுத்தால் வேறு விஷயம். தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை அல்ல.

ரத்தசோகை இல்லை, ஆகவே பி12 குறைவும் இல்லை என்ற முடிவும் தவறு. 1988-இல் வெளியான ஓர் ஆய்வில், பி12 குறைவால் நரம்பு அல்லது மனநிலைப் பாதிப்பு வந்த 141 பேரில் 40 பேருக்கு ரத்தசோகையும் இல்லை, பெருத்த சிவப்பணுவும் இல்லை. இரும்புச்சத்துக் குறைவோ தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயோ கூடவே இருந்தால், ஒன்று அணுவைப் பெரிதாக்க, மற்றொன்று சிறிதாக்க, சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. அளவு 'நார்மல்' என்று வந்து நிற்கும். அறிக்கையில் ஆர்.டி.டபிள்யூ. என்ற எண் உயர்ந்திருந்தால், அளவு வேறுபட்ட அணுக்கள் கலந்து கிடக்கின்றன என்று பொருள். அந்த எண்ணைப் பலர் கவனிப்பதில்லை.

அறிகுறிகளில் கட்டுரை மரத்துப்போதலோடு நிறுத்திக்கொண்டது. இரண்டு பாதங்களிலும் ஒரே சமயத்தில் தொடங்கும் குறுகுறுப்பு, எரிச்சல், பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு ஆகியவை முதலில் வரும். கால் விரலில் அதிர்வை உணரும் திறன் சீக்கிரமே மங்கும். மருத்துவர் இசைக்கவையை வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான். இருட்டில் நடக்கத் தடுமாற்றம், முகம் கழுவும்போது கண்ணை மூடியதும் தள்ளாட்டம் வந்தால் தண்டுவடம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நாக்கு வழவழப்பாகிச் சிவந்து எரிவது, விரல் மூட்டுகளின் மேல்தோல் கறுப்பது, மறதி, எரிந்து விழும் சுபாவம் ஆகியவையும் இதே குறைவில் வரும்.

இனி பரிசோதனை. மாத்திரையோ ஊசியோ போட்ட பிறகு எடுக்கும் பி12 அளவு வாரக்கணக்கில் உயர்ந்தே காட்டும். அசல் நிலை என்ன என்பது அதன்பின் தெரியாமலே போய்விடும். சிகிச்சை தொடங்கும் முன்பே ரத்தம் எடுக்கச் சொல்வது இதனால்தான். நடை தடுமாறும் அளவுக்குப் போனவர்கள் முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. ரத்தம் எடுத்த கையோடு ஊசியைத் தொடங்கிவிடலாம். பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு, 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. சந்தேக எல்லையில் ரத்தத்தில் மீதைல்மலோனிக் அமிலம் என்ற பொருளின் அளவைப் பார்ப்பது உதவும்: பி12 உண்மையிலேயே போதவில்லை என்றால் அது ஏறியிருக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அது ஏறும் என்பதை மறக்கக் கூடாது. ரத்தத்திலுள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலமும் ஏறும்தான், ஆனால் ஃபோலேட் குறைந்தாலும் ஏறுவதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. முடி, நகத்துக்கென்று விற்கும் 5, 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆய்வகத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும். சில வகைக் கருவிகளில் பயோட்டின் குறுக்கிட்டு, குறைந்திருக்கும் பி12-ஐயும் வைட்டமின் டி-யையும் போதுமானதாகக் காட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துவது நல்லது.

குறைவு உறுதியானால் அடுத்த கேள்வி, ஏன் குறைந்தது என்பது. உணவில் இல்லாததா, உடல் உறிஞ்சாததா? உணவிலுள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும். இரைப்பை அமிலம் அதைப் பிரிக்க வேண்டும். இரைப்பைச் சுவர் சுரக்கும் உள்ளகக் காரணி என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதி இரண்டையும் சேர்த்து உள்ளே வாங்க வேண்டும். வயிற்று எரிச்சலுக்கென்று ஆண்டுக்கணக்கில் அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுவது முதல் படியைக் கெடுக்கும். உடலின் எதிர்ப்பு சக்தியே இரைப்பைச் செல்களைத் தாக்கினாலோ, இரைப்பையை அறுவைச் சிகிச்சையில் நீக்கியிருந்தாலோ இரண்டாவது படி போய்விடும். சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்திருந்தால் மூன்றாவது படி இல்லை.

நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அளவும் ஆண்டுகளும் கூடக்கூட பி12 உறிஞ்சுதல் குறைகிறது. கால் எரிச்சலைச் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு என்று எழுதிவிட்டு, யாரும் பி12 பார்க்காமல் விடுவது வெகு சகஜம். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டு, அறிகுறி உள்ளவர்களுக்குப் பி12 பார்க்கச் சொன்னது. பல் சிகிச்சையிலும் மயக்க மருந்திலும் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு பி12-ஐச் செயலிழக்கச் செய்துவிடும். ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்கு அந்த ஒரு தடவையே நரம்புப் பாதிப்பைக் கிளப்பிவிடலாம்.

பெரியவருக்கு ஒரு நாள் தேவை 2.4 மைக்ரோகிராம் அளவுதான். கல்லீரல் ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் சேர்த்து வைத்திருப்பதால், வரத்து நின்றாலும் குறைவு தெரிய ஆண்டுகள் ஆகும். தயாமின் (வைட்டமின் பி1) அப்படியில்லை, இரண்டு மூன்று வாரங்களில் கையிருப்பு தீர்ந்துவிடும். இந்த வித்தியாசத்தால், போன மாதம் மாறிய உணவுப் பழக்கத்தில் பி12 குறைவுக்குக் காரணம் தேடிப் பயனில்லை. விலங்கு உணவு, பால், முட்டை எதுவும் சேர்க்காதவர்கள் ஸ்பைருலினா என்ற பாசியை நம்புகிறார்கள்; அதிலிருப்பது பெரும்பாலும் மனித உடலில் வேலை செய்யாத போலி பி12.

மாத்திரையா ஊசியா என்ற சண்டைக்கும் விடை உறிஞ்சுதலில்தான் இருக்கிறது. உள்ளகக் காரணி வழியாக ஒரு வேளையில் ஏறக்குறைய 2 மைக்ரோகிராம்தான் போகும். அந்த வழி அடைபட்டிருந்தாலும், விழுங்கும் அளவில் சுமார் 1 சதவீதம் தானாகவே ஊடுருவும். 1,000 மைக்ரோகிராம் மாத்திரையில் 10 மைக்ரோகிராம் உள்ளே போனால் அன்றைய தேவைக்கு மேலேயே ஆகிறது. சாதாரண மல்டிவைட்டமினில் உள்ள சில மைக்ரோகிராமில் 1 சதவீதம் என்றால் ஒன்றுமில்லை. நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு ஊசியில் தொடங்குவதே முறை: பி12-இன் ஒரு வடிவமான ஹைட்ராக்ஸோகோபாலமின் 1,000 மைக்ரோகிராம் ஒருநாள் விட்டு ஒருநாள், இனி முன்னேற்றம் இல்லை என்ற நிலை வரும்வரை, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. ஃபோலேட்டும் குறைந்திருந்தால் பி12 தொடங்கிய பிறகே அதைக் கொடுக்க வேண்டும்.

ஊசி தொடங்கி ஒரு வாரத்துக்குள் இளம் சிவப்பணுக்கள் பெருகும். ஹீமோகுளோபின் சரியான அளவுக்கு வர ஒன்றரை இரண்டு மாதம் பிடிக்கும். ரத்தசோகை கடுமையாக இருந்தவருக்கு முதல் நாட்களில் பொட்டாசியம் இறங்கக்கூடும், அதையும் பார்க்க வேண்டும். நரம்பு தேற ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகலாம். பல மாதங்கள் கவனிக்காமல் விட்ட தள்ளாட்டம் முழுவதும் மாறாமலே நின்றுவிடுவதும் உண்டு.

'நரம்பு மாத்திரை' என்று கேட்டு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றில் பலவற்றில் பி6 அதிகம். அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் பி6-ஏ கை கால்களை மரத்துப்போகச் செய்யும். மரத்துப்போகிறது என்று மாத்திரை, மாத்திரையால் இன்னும் மரத்துப்போதல், அதற்காக இன்னொரு அட்டை மாத்திரை என்று இது சுற்றிக்கொண்டே போகும். வைட்டமின் டி-யிலும் ஓர் அபாயம் உண்டு. வாரம் ஒன்று என எழுதிய 60,000 யூனிட்டைத் தினம் ஒன்றாக விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், சிறுநீரகப் பாதிப்பு என்று கொண்டுபோய்விடும்.

கட்டுரை தொடாமல் விட்டது கைக்குழந்தைகளை. தாய்க்கு பி12 குறைவாக இருந்து, குழந்தை தாய்ப்பால் மட்டுமே குடித்தால், நாலு முதல் ஆறு மாதத்துக்குள் சிரிப்பு நிற்கும், தலை நிற்பது தளரும், கை கால் நடுங்கும், கற்றதை இழக்கும். தாய்க்கு ரத்தசோகை தெரியாமலும் இருக்கலாம். இப்படிக் குழந்தை மந்தமானால் தாய், குழந்தை இருவருக்கும் அன்றே பி12 பார்க்க வேண்டும்.

கட்டுரையின் அந்தக் கடைசிப் பத்திக்கு மட்டும் அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மரத்துப்போதல் இருப்பவர்கள் பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் கலந்த எந்த மாத்திரையையும் தொடங்க வேண்டாம் என்ற ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவ வாசகர்